அரிசி அளந்து விளையாடும் பையனுக்குப் பென்சில் எப்போது?

கேள்வி: நாங்கள் பர்மாவில், பெகு நகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். மகனுக்கு 4 வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைக்கும் அதே வயதுதான். அவள் ஏ பி சி டி எழுதுகிறாள், நூறு வரை ஒப்பிக்கிறாள், பர்மிய எழுத்தில் பாதி தெரியும். என் மகன் நர்சரியில் கொடுத்துவிடும் வீட்டுப்பாடத்தைத் தொடுவதே இல்லை. பென்சிலைக் கையில் கொடுத்தால் அழுகிறான். நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து அரிசியை அளந்து அளந்து கொட்டுகிறான். யார் வந்தாலும் ‘என்ன வேணும்?’ என்று கேட்டு வியாபாரம் செய்கிறான். தமிழையும் பர்மியத்தையும் கலந்து பேசுகிறான். ‘செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய்’ என்கிறார் அத்தை, என் கணவரின் அம்மா. கணவர் காலை ஐந்து மணிக்குக் கடை திறந்தால் மூட இரவு எட்டு ஆகிவிடும். விளையாட்டு வழியாகவே படிக்க வைக்கலாம் என்கிறார்கள். நேரமே இல்லாத எங்களைப் போன்ற குடும்பம் அதை எப்படிச் செய்வது? அவன் பின்தங்கிவிட்டானா? – ஒரு தாய், பெகு

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் பின்தங்கியதாகத் தெரியவில்லை. கடைக்காரராக நடிக்கிறான், வருகிறவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறான், பதிலைக் காதில் வாங்கி அதற்கேற்றபடி அளந்து கொடுக்கிறான். இதைச் செய்ய ஒரு பிள்ளை தான் யாராக நடிக்கிறோம் என்பதை மறக்காமல் இருக்க வேண்டும், எதிரில் இருப்பவருக்கு என்ன தேவை என்று யோசிக்க வேண்டும், தன் முறை வரும்வரை பொறுக்க வேண்டும், வாங்கிய சொல்லை மனத்தில் வைத்திருந்து வேலையை முடிக்க வேண்டும். முதல் வகுப்பு ஆசிரியர் ஒரு பிள்ளையிடம் எதிர்பார்க்கிற அடிப்படைத் திறமைகளே இவைதான். ஏ பி சி டி-யை எப்போது வேண்டுமானாலும் சொல்லிக் கொடுத்துவிடலாம். பொறுமையையும் கவனத்தையும் அப்படித் திடீரென்று ஊட்ட முடியாது.

அந்த அரிசி விளையாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்து பாருங்கள். பால் டப்பாவில் 8 அளந்தால் பர்மியப் படியான ஒரு பியி, 16 பியி ஒரு கூடை. உங்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு, கண்ணை மூடிக்கொண்டு அளப்பீர்கள். அவனுக்கு ஒவ்வொரு தடவையும் புதுச் செய்தி. கோபுரமாகக் குவித்த டப்பாவையும் தலை தட்டிய டப்பாவையும் அவன் வேறுபடுத்துகிறானா என்று கவனியுங்கள். ஒரு டப்பா அரிசியை அகலமான தட்டில் கொட்டினால் ‘கொஞ்சம்தான் இருக்கு’ என்பான். அதையே நெட்டையான டம்ளரில் கொட்டினால் ‘நிறைய’ என்பான். இந்த வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கும் அப்படித்தான் தோன்றும். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது நன்றாகப் பிடிபட ஆறு, ஏழு வயதாகும். அதை நீங்கள் விளக்கிச் சொல்லவே வேண்டாம். ‘மறுபடி டப்பாவில் கொட்டிப் பார்ப்போமா?’ என்று மட்டும் கேளுங்கள். கொட்டிக் கொட்டிப் பார்த்து அவனே கண்டுபிடிப்பான். அப்படிக் கண்டுபிடித்தது மறக்காது.

எண்ணிக்கையும் இதே கதைதான். நூறு வரை ஒப்பிப்பது ஒரு வேலை, எண்ணுவது வேறொரு வேலை. நூறு வரை கடகடவென்று சொல்கிற பிள்ளையிடம் ‘ஐந்து வெங்காயம் எடுத்துக் கொடு’ என்று கேட்டால் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பிள்ளைகள் முதலில் ‘ஒன்று’ என்பதைச் சரியாக எடுத்துத் தரக் கற்றுக்கொள்கிறார்கள். அப்புறம் ‘இரண்டு’, சில மாதம் கழித்து ‘மூன்று’. எண்ணும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது ஏறக்குறைய நான்கு வயதில் பிடிபடுகிறது. உங்கள் மகனிடம் ‘மூணு பூண்டு கொடுங்க அண்ணாச்சி’ என்று கேட்டுப் பாருங்கள். சரியாகக் கொடுத்தால் நான்கு கேளுங்கள். தப்பாகக் கொடுத்தால் ‘சரி, எண்ணி எடுத்துக்கிறேன்’ என்று அவன் எதிரிலேயே ஒவ்வொன்றாகப் பையில் போட்டு எண்ணுங்கள். அது போதும். தயவுசெய்து பக்கத்து வீட்டுக் குழந்தையை மட்டும் இப்படிச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அந்தப் பிள்ளை அவளுடைய வேகத்தில் போகட்டும்.

இதெல்லாம் ஏழைக் குடும்பங்கள் செய்துகொள்கிற சமாதானம் என்று நினைத்துவிடாதீர்கள். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் உழைப்பாளிகள் குடியிருந்த ஒரு பகுதியில்தான் தன் முதல் பாலர் இல்லத்தைத் திறந்தார். அவருடைய முறையில் எழுத்துக்கு வெகு முன்னால் வருவது தானியத்தைக் கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு ஊற்றுவது, பெருக்குவது, துடைப்பது, பொத்தான் போடுவது போன்ற வேலைகள்தான். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் மக்களுக்கும் அதையே பயிற்சியாகக் கொடுத்தார். இன்றைக்கு அந்தப் பெயரில் நடக்கும் பள்ளிகள் பெரிய கட்டணம் வாங்கிக்கொண்டு தட்டில் வைத்துக் கொடுக்கிற அரிசி, உங்கள் கடையில் மூட்டையாகவே கிடக்கிறது.

சரி, நேரம் இல்லாதவர்கள் என்ன செய்வது? தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். உங்கள் வேலைக்குள் அவனுக்கு ஓர் இடம் கொடுங்கள். வெங்காயத்தில் பெரியது சின்னது பிரிக்கட்டும். தராசில் வீசை எடைக் கல்லை ஒரு தட்டிலும் உருளைக்கிழங்கை மறு தட்டிலும் வைத்து எது இறங்குகிறது என்று பார்க்கட்டும். சோப்புப் பெட்டிகளை அடுக்கட்டும், சாயும், விழும், அடுத்த முறை பெரியதை அடியில் வைப்பான். வேலை கொஞ்சம் தாமதமாகும், அரிசி கொஞ்சம் சிந்தும். ஒரு பழைய பாயை விரித்து அதன்மேல் விளையாட விடுங்கள், சிந்தியதை அவனே கூட்டி அள்ளட்டும். அதுவும் பாடம்தான்.

இதில் பெரியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளை விளையாடும்போது நாம் பரீட்சை வைக்க ஆரம்பித்துவிடுகிறோம். ‘இது என்ன கலர்? எத்தனை இருக்கு? இங்கிலீஷில் சொல்லு.’ இரண்டு கேள்வி தாண்டினால் பிள்ளை எழுந்து போய்விடும். அது விளையாட்டு இல்லை என்று அதற்குத் தெரியும். அவன் கடைக்காரர் என்றால் நீங்கள் வாடிக்கையாளர், அவ்வளவுதான். ‘அரை டப்பா போதும், வீட்டில் ரெண்டு பேர்தான்’ என்று சொல்லுங்கள். ‘பை கொண்டுவரலையே, எப்படி எடுத்துட்டுப் போறது?’ என்று ஒரு சிக்கலைக் கொடுங்கள். ‘நேத்து வாங்கினதில் கல் இருந்தது’ என்று சண்டை போடுங்கள்! அவன் யோசிப்பான், சமாதானம் சொல்வான், விலை குறைப்பான். அவன் பேச்சு ஒரு வாக்கியத்திலிருந்து நான்கு வாக்கியமாக நீளும். விளையாட்டு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அவனிடமே விட்டுவிடுங்கள். நடுவில் கடையை பஸ்ஸாக மாற்றினால் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறி உட்காருங்கள்.

பென்சில் அழுகைக்கு வருகிறேன். மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எல்லாமே குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக, வருடக்கணக்கில், எலும்பாக மாறுகின்றன. கடைசி எலும்பு உருவாக 9 முதல் 12 வயது வரை ஆகும். நான்கு வயதில் இந்த வேலை பாதிவழியில்தான் இருக்கிறது. தோளும் முழங்கையும் விரல்களும் சேர்ந்து நிதானமாக அசையப் பழகவும் காலம் எடுக்கும். அந்தக் கையை இரண்டு கோட்டுக்குள் எழுது என்றால் வலிக்கும், சலிக்கும், கடைசியில் எழுத்து என்றாலே வெறுப்பு வரும். நான் மிகவும் பயப்படுவது அந்த வெறுப்பைத்தான். ஒரு வருடம் தாமதமாக எழுதிய பிள்ளை எழுதிவிடும். எழுத்தை வெறுத்துப்போன பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாடு.

கைக்குப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டில், சந்தனம் போல முகத்தில் பூசுகிற தனாக்காவை அரைக்கிற கல் இருக்குமே. அதில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, தனாக்காக் கட்டையை அவன் கையில் கொடுத்து, வட்டம் வட்டமாக அரைக்கச் சொல்லுங்கள். ஒரு கை கல்லைப் பிடிக்க வேண்டும், மறு கை ஒரே அழுத்தத்தில் சுற்ற வேண்டும், கண் குழம்பைப் பார்க்க வேண்டும். பர்மிய எழுத்துகள் பெரும்பாலும் வட்டமும் அரை வட்டமும்தான். தமிழிலும் அ, ஆ தொடங்கி எத்தனை சுழி! அரைத்த தனாக்காவை ஒரு விரலால் தொட்டு அப்பத்தா கன்னத்தில் வட்டமாகப் பூசச் சொல்லுங்கள். அவன் எழுதுகிற முதல் எழுத்து அது. சப்பாத்தி மாவு பிசைவது, ஈரத்துணியைப் பிழிவது, பட்டாணி உரிப்பது, துணி மாட்டுகிற கிளிப்பை அழுத்தித் திறப்பது எல்லாமே விரலுக்குப் பலம்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. கடையில் கடன் நோட்டு வைத்திருப்பீர்கள். அவனுக்கும் ஒரு பழைய நோட்டு கொடுத்து, ‘நான் அரை வீசைச் சர்க்கரை கடனாக வாங்கியிருக்கேன், எழுதிக்குங்க’ என்று சொல்லுங்கள். நெளி நெளியாக எதையோ கிறுக்குவான். திருத்தாதீர்கள். மறுநாள் வந்து ‘என் கணக்கைப் படிங்க’ என்று கேளுங்கள். அந்தக் கிறுக்கலைப் பார்த்து ‘அரை வீசைச் சர்க்கரை’ என்று அவன் படித்தால், பேசியதைத் தாளில் போட்ட கோடு பிடித்து வைத்திருக்கும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுத்தறிவின் முதல் படியே அதுதான். அவன் பெயரின் முதல் எழுத்து, கடைப் பலகையில் இருக்கிற எழுத்து, பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிற எழுத்து என்று பிறகு தானாகவே கேட்க ஆரம்பிப்பான். கேட்கும்போது சொல்லிக் கொடுங்கள், கேட்பதற்கு முன்னால் வேண்டாம்.

மொழி பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை. ஆனால் கலந்து பேசுகிறான் என்று எழுதியதில் ஒரு கவலை தெரிகிறது. ஒரே வாக்கியத்தில் தமிழும் பர்மியமும் வருவது குழப்பத்தின் அடையாளம் இல்லை. இரண்டு மொழியில் வளர்கிற குழந்தைகள் உலகம் முழுக்க அப்படித்தான் பேசுகிறார்கள். அந்த நேரத்துக்கு எந்தச் சொல் முதலில் நாக்குக்கு வருகிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். அவனுக்கு எத்தனை சொல் தெரியும் என்று பார்க்க வேண்டுமானால் இரண்டு மொழிச் சொற்களையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். நர்சரியில் பர்மியத்தை மட்டும் எண்ணிவிட்டு ‘பேச்சு குறைவு’ என்று சொன்னால் அந்தக் கணக்கு தப்பு.

இந்த நாட்டில் நம் குடும்பங்கள் பல, பிள்ளை பள்ளிக்கூடத்தில் தடுமாறக் கூடாது என்று வீட்டில் தமிழை விட்டுவிட்டன. அது தேவையே இல்லாத இழப்பு. வீட்டுமொழியில் கதை கேட்டு, காரணம் சொல்லி, வாதாடிப் பழகிய பிள்ளைக்கு அந்தத் திறமை பர்மியத்திலும் கை கொடுக்கும். பர்மியம் அவனுக்குத் தெருவிலும் கடையிலும் நாளெல்லாம் கிடைக்கிறது. நிறைவான தமிழ் கிடைக்கிற இடம் வீடு ஒன்றுதான், அதிலும் முக்கியமாக உங்கள் அத்தை.

ஆகவே அத்தையிடம் விளையாட்டின் நன்மையைப் பற்றிப் பாடம் நடத்தாதீர்கள். சண்டைதான் வரும். ‘நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப என்ன விளையாடினீங்க அத்தை? இவனுக்கும் சொல்லிக் கொடுங்களேன்’ என்று கேளுங்கள். ‘செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய்’ என்று சொல்கிறவருக்கு உள்ளே இருப்பது பேரன் மீதுள்ள அக்கறை. அந்த அக்கறைக்கு ஒரு வேலை கொடுங்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு ஊட்டி, கடைசியில் கைமேல் நண்டு ஊரவிட்டுக் கிச்சுகிச்சு மூட்டுகிற விளையாட்டு அவருக்குத் தெரியாமல் இருக்காது. அதில் ஒரு விரலுக்கு ஒரு வாய் என்று வருகிறதே, எண்ணுவதற்கு அடிப்படை அதுதான். பல்லாங்குழியில் குழிக்கு ஒரு புளியங்கொட்டை போடுவதும் அதேதான். பலகை இல்லையென்றால் முட்டை அட்டை போதும். வெள்ளிக்கிழமை வாசலில் கோலம் போடும்போது அவனுக்கும் ஒரு மூலையில் மாவு கொடுக்கட்டும். நேராகப் புள்ளி வைக்கவும் புள்ளியைச் சுற்றி வளைக்கவும் முயற்சி செய்யட்டும். கோணலாக வந்தால் கோணலாகவே இருக்கட்டும். இரவில் அப்பத்தா ஒரு கதை சொன்னால், மறுநாள் அதே கதையை அவன் அப்பாவுக்குச் சொல்லட்டும். நடுவில் விட்டுவிட்டால் ‘அப்புறம் என்னாச்சு?’ என்று மட்டும் கேட்டால் போதும்.

அப்பாவுக்கு இரவு எட்டு மணிக்கு மேல்தான் நேரம். அந்த நேரத்தில் பல நாள் கரண்ட் இருக்காது. டார்ச்சை எடுத்துச் சுவரில் கை நிழல் காட்டச் சொல்லுங்கள். கையை விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் நிழல் பெரிதாகும், தள்ளினால் சிறிதாகும். ஏன் என்று அவன் கேட்பான். இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிக்கட்டும். பத்து நிமிடம் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிடம் கடைக் கணக்கும் போனும் நடுவில் வரக் கூடாது.

போன் என்றதும் ஒரு விஷயம். 3, 4 வயதுக் குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியிருக்கிறது. அதே வழிகாட்டி இந்த வயதுக்கு நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்குகிற ஓட்டமும் குதியுமாக இருக்க வேண்டும், 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றும் சொல்கிறது. கடைக்குள்ளேயே இருக்கிற பிள்ளைக்கு ஓட்டம்தான் குறையும். சாயங்காலம் தெருவில் பெரிய பிள்ளைகள் கோடு கிழித்துத் தோட்சீத்தோ ஆடுவார்கள். நம் கிளித்தட்டு மாதிரியேதான். அதில் இவனை ‘உப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பர்மியமும் வளரும், காலும் வளரும்.

நர்சரிக்கு நீங்கள் ஒரு நாள் நேரில் போக வேண்டும். வீட்டுப்பாடத்தைக் குறைத்துக்கொள்ளலாமா என்று பணிவாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள். ‘கேஜியில் கஷ்டப்படுவானே’ என்று சொல்வார்கள். இந்த நாட்டில் 2016-17 கல்வியாண்டில் 5 வயதுப் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த புதிய கேஜி பாடத்திட்டமே விளையாட்டை நடுவில் வைத்து எழுதப்பட்டதுதான். கேஜியே விளையாடி வா என்று சொல்லும்போது, அதற்கு முந்தைய வருடம் நான்கு வயதுப் பிள்ளையை ‘கஜீ, கக்வே’ என்று பர்மிய அரிச்சுவடியைப் பக்கம் பக்கமாக எழுத வைப்பதில் அர்த்தமில்லை. ஆசிரியரைக் குறை சொல்லவும் வேண்டாம். பெற்றோர் பலர் நோட்டு நிரம்பியிருந்தால்தான் கட்டணத்துக்குப் பலன் என்று நினைக்கிறார்கள், அவரும் அதற்காகவே நிரப்புகிறார். நீங்கள் ஒருவராவது ‘இன்றைக்கு என்ன விளையாடினான், யாரோடு சேர்ந்தான், எதற்குச் சிரித்தான்?’ என்று கேட்டால், அதையும் ஒரு பெற்றோர் மதிக்கிறார் என்று அவருக்குத் தெரியும். அவன் கடை விளையாட்டைப் பற்றிச் சொல்லுங்கள். வகுப்பில் ஒரு மூலையில் கடை போட இரண்டு காலி டப்பாவும் ஒரு பழைய தராசும் கொடுத்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் அங்கே பிரம்பும் எழுத்தும் மட்டும்தான் என்றால், வேறு இடம் பார்ப்பதில் தப்பில்லை.

எப்போது நீங்கள் உண்மையிலேயே கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூப்பிட்டால் அடிக்கடி திரும்பாமல் இருந்தாலோ, எந்த மொழியிலும் மூன்று நான்கு சொல் சேர்த்து வாக்கியமாகப் பேசாமல் இருந்தாலோ, வீட்டுக்கு வெளியே யாருக்கும் அவன் பேச்சு புரியவில்லை என்றாலோ, மற்ற பிள்ளைகளை ஏறிட்டே பார்க்காமல் இருந்தாலோ, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விட்டுவிட்டாலோ, குழந்தை மருத்துவரைப் பாருங்கள். முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். சளி பிடித்துக் காதில் நீர் கோத்து, சரியாகக் கேட்காமலே ‘சொல் பேச்சுக் கேட்காத பிள்ளை’ என்று பெயர் வாங்கிய குழந்தைகள் உண்டு. உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை.

புளியங்கொட்டை, பட்டாணி, கோலி எல்லாம் பெரியவர் கண் எதிரில் மட்டும் இருக்கட்டும். கடைக்கு வருகிறவர்களோடு கைக்குழந்தையும் வரும், நம் பிள்ளையே மூக்கில் போட்டுப் பார்ப்பதும் நடக்கும். விளையாடி முடிந்ததும் எண்ணி டப்பாவில் போட்டு மூடுகிற வேலையை அவனிடமே கொடுங்கள். தராசில் இரும்புக் கல்லுக்குப் பதிலாக நிறுத்துக் கட்டிய சின்ன மணல் பைகளைப் பயன்படுத்தினால் காலில் விழுந்தாலும் அடி படாது.